கட்டுப்பாட்டுக் கம்பி மாதிரி வானூர்தி

கட்டுப்பாட்டுக் கம்பி மாதிரி வானூர்தி என்பது பறக்கவிடுபவரின் கையிலுள்ள பிடியுடன் இரண்டு மெல்லிய கம்பிகளால் இணைக்கப்பட்டு, அவரை மையமாகக் கொண்டு வட்டமாகப் பறக்கும் சிறிய வானூர்தி ஆகும். கன்ட்ரோல் லைன் விமானம் என்ற பெயராலும் இது அறியப்படுகிறது. வானொலி மூலம் இயக்கப்படும் மாதிரிகளைப் போல் இதற்கு அலைபரப்பியோ அலைவாங்கியோ தேவையில்லை. விமானத்தின் ஏற்றமும் இறக்கமும் கையின் அசைவால் கம்பி வழியாக நேரடியாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன. குறைந்த செலவில், எளிய கருவிகளைக் கொண்டு, ஒரு சில நாட்களில் கட்டி முடிக்கக்கூடியது என்பதால் வானூர்தி மாதிரிக் கலையைத் தொடங்குபவர்களுக்கு இது ஏற்ற வகையாகக் கருதப்படுகிறது.

இவ்வகை மாதிரியின் வடிவமைப்பு, பறக்கவிடும் முறை, இடத் தேர்வு ஆகிய அனைத்தும் ஒரே நிபந்தனையைச் சார்ந்தவை. பறக்கும் நேரம் முழுவதும் கம்பிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். கம்பி தளர்ந்தால் விமானத்தின் மீது பறக்கவிடுபவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இராது.

இயங்கும் விதம்

கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றும்போது கயிறு இறுகுவதைப் போலவே, வட்டமாகப் பறக்கும் விமானமும் கம்பிகளை இறுக்குகிறது. விமானத்தை வட்டப் பாதையில் நிறுத்தும் மையநோக்கு விசை கம்பிகளின் இழுவிசையாகக் கிடைக்கிறது. இவ்விசை விமானத்தின் நிறையை வேகத்தின் இருபடியால் பெருக்கி, வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 200 கிராம் நிறையுள்ள விமானம் 10 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். இழுவிசை ஏறத்தாழ 5.6 நியூட்டன், அதாவது விமானத்தின் எடையைப் போல 2.8 மடங்கு ஆகும். ஒரு சுற்றுக்கு 3.8 நொடி ஆகும். வேகம் பாதியாகக் குறைந்தால் இழுவிசை பாதியாகாது, கால் பங்காகிவிடும். எனவே மிக மெதுவாகப் பறக்கும் மாதிரி தொடக்கநிலையாளருக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறாகும்.

இரண்டு கம்பிகளும் விமானத்தின் உள்ளே உள்ள முக்கோண நெம்புகோலின் (பெல்கிராங்க்) இரு முனைகளில் இணைக்கப்படுகின்றன. நெம்புகோலின் மூன்றாவது முனையிலிருந்து ஒரு தள்ளுகோல் வாலில் உள்ள உயர்த்திக்குச் (எலிவேட்டர்) செல்கிறது. கைப்பிடியைப் பின்னோக்கிச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு மற்றது விட்டுக்கொடுக்கும். நெம்புகோல் திரும்பி உயர்த்தியை மேலே தூக்கும். விமானம் மேலேறும். முன்னோக்கிச் சாய்த்தால் இதற்கு நேர்மாறாக நிகழும்.

வரலாறு

கம்பியால் கட்டுப்படுத்தப்படும் மாதிரிகள் 1930களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவாயின. ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஓபா செயின்ட் கிளேர் 1936இல் இத்தகைய விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அதே மாநிலத்தின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த ஜிம் வாக்கர் 1940ஆம் ஆண்டளவில் ஃபயர்பால் என்ற மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்து, இம்முறையை யு-கன்ட்ரோல் என்ற பெயரில் பரப்பினார். வாக்கர் பெற்றிருந்த காப்புரிமை 1950களில் நீதிமன்ற வழக்கில் செல்லாததாயிற்று. செயின்ட் கிளேரின் முந்தைய விமானம் அவ்வழக்கில் சான்றாக அமைந்தது.

வானொலிக் கருவிகள் விலை மிகுந்தும் நம்பகம் குறைந்தும் இருந்த காலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இவ்வகை மாதிரிகள் உலகெங்கும் பரவின. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இவற்றை எஃப்2 என்ற பிரிவில் வைத்துள்ளது. வேகம், வான்சாகசம், குழு ஓட்டம், சண்டை ஆகியவை இதன் முதன்மை உட்பிரிவுகள். வேகப் போட்டியில் கம்பியின் ஆரம் 17.69 மீட்டர் ஆகும். அந்த ஆரத்தில் 9 சுற்றுகள் சரியாக 1 கிலோமீட்டராக அமையும்.

இந்தியாவில்

இந்தியாவில் இக்கலை பெருமளவில் தேசிய மாணவர் படை வழியாகவே மாணவர்களைச் சென்றடைந்தது. தேசிய மாணவர் படை 1948இல் உருவாக்கப்பட்டது. அதன் வான்பிரிவு 1950இல் தொடங்கப்பட்டது. வானூர்தி மாதிரிக் கலை வான்பிரிவின் பயிற்சிப் பாடங்களுள் ஒன்று. பறக்காத காட்சி மாதிரி, தன்போக்கில் பறக்கும் மாதிரி, கட்டுப்பாட்டுக் கம்பி மாதிரி, வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி என்ற வகைகள் அதில் கற்பிக்கப்படுகின்றன. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாதிரி வானூர்திப் போட்டிகளும் நடைபெறுகின்றன. உண்மையான விமானத்தில் அமரும் வாய்ப்பு எல்லா மாணவர்களுக்கும் கிடைப்பதில்லை. ஏற்றம், சமநிலை, வேகமிழத்தல் ஆகியவற்றைக் கையால் உணர்ந்து அறிய இவ்வகை மாதிரி அவர்களுக்கு உதவுகிறது.

தொடக்கநிலை மாதிரியின் அளவுகள்

முழுவதும் தட்டையான பலகைகளால் ஆன மாதிரியே முதல் முயற்சிக்கு ஏற்றது. இதன் உடற்பகுதி பக்கத் தோற்றத்தை மட்டும் கொண்ட ஒற்றைப் பலகையாக இருக்கும். கீழே விழுந்தாலும் ஒட்டிச் சரிசெய்வது எளிது. பின்வரும் அளவுகள் ஏறத்தாழ 200 கிராம் எடையில் முடியும் மாதிரிக்கு உரியவை.

- இறக்கை: நீளம் 60 செ.மீ., அகலம் 12 செ.மீ., தடிமன் 6 மி.மீ.
- உடற்பகுதி: நீளம் 45 செ.மீ., தடிமன் 10 மி.மீ. இதில் மூக்கு 8 செ.மீ., இறக்கை 12 செ.மீ., இறக்கைக்கும் வாலுக்கும் இடைவெளி 18 செ.மீ., வால் 7 செ.மீ.
- கிடைவால்: நீளம் 26 செ.மீ., அகலம் 7 செ.மீ., தடிமன் 3 மி.மீ. இதில் பின்புற 3 செ.மீ. உயர்த்தி ஆகும்.
- நெம்புகோல்: சுழல் அச்சிலிருந்து கம்பித் துளைகள் வரை 2 செ.மீ., தள்ளுகோல் துளை வரை 1 செ.மீ.
- உயர்த்திக் கொம்பு: உயரம் 2 செ.மீ.
- கைப்பிடியில் கம்பிகளின் இடைவெளி: 5 செ.மீ.
- கம்பியின் நீளம்: 10 மீட்டர்

இதற்குப் பால்சா மரம் மிகவும் பொருத்தமானது. நடு, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் எடை குறைந்தது, எளிதில் வெட்டக்கூடியது. எக்குவடோர் நாடு இதன் முதன்மை உற்பத்தியாளர். மாதிரிக் கலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் இது தகடுகளாகக் கிடைக்கும்.

கட்டும் முறை

1. பாகங்களின் வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அதை அச்சாகக் கொண்டு பால்சாத் தகட்டில் குறிக்க வேண்டும். இறக்கையில் மரத்தின் இழைகள் நீளவாக்கில் செல்ல வேண்டும். குறுக்காகச் சென்றால் இறக்கை ஒடிந்துவிடும்.

2. இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வட்டமாக்க வேண்டும். பின்புற மூன்றில் ஒரு பங்கைச் சரிவாகத் தேய்த்து மெலிதாக்க வேண்டும்.

3. உடற்பகுதியில் இறக்கையும் கிடைவாலும் நுழையும் பள்ளங்களை வெட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது இன்றியமையாதது. மூக்கின் இருபுறமும் 3 மி.மீ. ஒட்டுப்பலகையை ஒட்டி, பொறி அல்லது மின்னோடியின் திருகுகளைத் தாங்கும் வலிமையைத் தர வேண்டும்.

4. உயர்த்தியைக் கிடைவாலுடன் துணிப்பட்டையால் ஆன கீல்களால் இணைக்க வேண்டும். வாலை நிமிர்த்திப் பிடித்தால் உயர்த்தி தன் எடையாலேயே கீழே தொங்க வேண்டும். இறுக்கமான கீல் விபத்துக்கு வழிவகுக்கும்.

5. இடப்புற இறக்கையில், உடற்பகுதிக்கு அருகே, முன்விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. பின்னால் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மீது நெம்புகோலைத் திருகாணியால் பொருத்த வேண்டும். பறக்கும்போது உருவாகும் முழு இழுவிசையையும் இந்தத் திருகாணியே தாங்குகிறது. ஆகவே அது இறக்கையை ஊடுருவி மறுபுறம் மரையால் இறுக்கப்பட வேண்டும்.

6. இடப்புற இறக்கை நுனியில் முன்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ., 4.5 செ.மீ. தொலைவுகளில் இரண்டு கம்பி வளையங்களைப் பொருத்தி, நெம்புகோலிலிருந்து வரும் கம்பிகளை அவற்றின் வழியே வெளியே கொண்டுவர வேண்டும்.

7. தள்ளுகோலுக்கு 1.5 மி.மீ. எஃகுக் கம்பி போதுமானது. மிதிவண்டிச் சக்கரத்தின் போக்ஸ் கம்பியையும் பயன்படுத்தலாம். அது வளையாதிருக்க நடுவில் ஒரு வளையத்தால் தாங்க வேண்டும்.

8. நிலைவாலின் பின்விளிம்பை வலப்புறமாக 5 மி.மீ. அளவுக்குத் திருப்பி ஒட்ட வேண்டும். மின்னோடியையும் வலப்புறமாக 2 பாகை திருப்பிப் பொருத்த வேண்டும். இவ்விரண்டும் விமானத்தின் மூக்கை வட்டத்திற்கு வெளியே நோக்கச் செய்து கம்பியை இறுக்கமாக வைக்கின்றன.

மேலே கூறிய அளவுகளின்படி கைப்பிடியை 20 பாகை சாய்த்தால் உயர்த்தி ஏறத்தாழ 12 பாகை திரும்பும். கைப்பிடியில் கம்பி இடைவெளியை 7 செ.மீ. ஆக்கினால் அதே சாய்வுக்கு உயர்த்தி 17 பாகை திரும்பும். பழகாத கை மிகையாக அசையும் இயல்புடையது. எனவே முதலில் குறுகிய இடைவெளியில் பழகி, பின்னர் அகலப்படுத்துவது நல்லது.

சமநிலை

எல்லாப் பாகங்களும் பொருத்தப்பட்ட பின், ஈர்ப்பு மையம் இறக்கை அகலத்தின் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது முன்விளிம்பிலிருந்து 2.4 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும். இரு விரல் நுனிகளால் இறக்கையை அந்த இடத்தில் தாங்கினால் விமானம் கிடையாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் எடை சேர்க்க வேண்டும். வால் கனத்த விமானம் சிறு கையசைவுக்கும் துள்ளும். அதைத் தொடக்கநிலையாளரால் கட்டுப்படுத்த இயலாது.

இடப்புற இறக்கை கம்பிகளின் எடையையும் சுமக்கிறது. அதை ஈடுசெய்ய வலப்புற இறக்கை நுனியில் சிறு எடை பொருத்தப்படும். ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள ஒரு ரூபாய் நாணயம் ஒன்றோ இரண்டோ இதற்குப் போதும். பறக்கும்போது கழன்று விழாதவாறு அதை மரத்தினுள் பதித்து ஒட்ட வேண்டும்.

ஆற்றல் மூலம்

முற்காலத்தில் 0.8 கன செ.மீ. அளவிலான சிறு பொறிகள் இத்தகைய மாதிரிகளில் பயன்பட்டன. ஒளிர்முனைப் பொறிகளின் எரிபொருளில் மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்திருக்கும். மெத்தனால் கொடிய நஞ்சாகும். சிறிதளவு உட்கொண்டாலும் பார்வையிழப்போ உயிரிழப்போ நேரலாம். தமிழ்நாட்டில் அது உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளும் ஆகும். எனவே புதிதாகத் தொடங்குபவர்கள், குறிப்பாகப் பள்ளி மாணவர்கள், மின்னோடியைப் பயன்படுத்துவதே முறை. மின்னோடி, வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று, லித்தியம் பாலிமர் மின்கலம், குறித்த நேரத்தில் மின்னோடியை நிறுத்தும் நேரங்காட்டி ஆகியவை தேவைப்படும். முதல் முயற்சிகளில் நேரங்காட்டியை ஒரு நிமிடத்திற்கு வைத்தால் போதும். அதற்குள் விமானம் 16 சுற்றுகள் பறந்துவிடும்.

கம்பிகள்

மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பியோ, நீளாத் தன்மையுள்ள பாலியெஸ்டர் நூலோ பயன்படுத்தப்படுகிறது. தூண்டில் நரம்பு இழுபடும்போது நீளும் என்பதால் பொருந்தாது. கை அசைவு உயர்த்தியைச் சென்றடையும் முன் நரம்பின் நீட்சியிலேயே அது வீணாகிவிடும். இரு கம்பிகளின் நீளமும் சமமாக இருக்க வேண்டும். கைப்பிடி செங்குத்தாக உள்ளபோது உயர்த்தி நடுநிலையில் இருப்பதைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம்.

இடமும் காலமும்

வட்டத்தின் எந்தப் பகுதியில் விமானம் உள்ளது என்பதைப் பொறுத்துக் காற்று அதை வெளியேயோ உள்ளேயோ தள்ளும். பறக்கவிடுபவருக்குக் காற்று வரும் திசையில் விமானம் இருக்கும்போது, காற்று அதை அவரை நோக்கித் தள்ளிக் கம்பியைத் தளர்த்துகிறது. இலைகள் மட்டும் அசையும் காற்றில் பறக்கவிடலாம். சிறு கிளைகள் அசையத் தொடங்கினால் காற்றின் வேகம் மணிக்கு 20 கி.மீ. அளவை எட்டிவிட்டது எனக் கொள்ளலாம். அப்போது தொடக்கநிலையாளர்கள் தவிர்க்க வேண்டும்.

இடமும் காலமும் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதற்குத் தென்காசி வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாகும். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இவ்வட்டாரத்திற்குள் வேகமாக நுழைகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சாரல் காலம். ஐந்தருவி உள்ளிட்ட அருவிகளில் நீர் விழுவதும், கிழக்கே சமவெளியில் காற்றாலைகள் சுழல்வதும் இக்காலத்தில்தான். அருவிகளுக்கு மக்கள் திரளும் இதே காலம் மாதிரி விமானத்திற்கு ஏற்றதன்று. மேலும் ஐந்தருவிப் பகுதி மலையடிவாரத்தில் மரங்கள் சூழ்ந்ததும் மக்கள் நடமாட்டம் மிகுந்ததும் ஆகும். எக்காலத்திலும் அங்குப் பறக்கவிடலாகாது.

சாரல் காலத்தின் ஈரம் மற்றொரு தீங்கையும் விளைவிக்கும். பால்சா மரம் ஈரத்தை உறிஞ்சி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை விமானத்தை வட்டத்தின் உட்புறமாகச் சாய்த்துக் கம்பியைத் தளர்த்தக்கூடும். எனவே கட்டி முடித்த பாகங்களுக்கு வார்னிஷ் பூசி, சமதளத்தில் எடை வைத்து உலரவிட வேண்டும். பறக்கவிடும் முன் இறக்கையைப் பின்னாலிருந்து நோக்கி முறுக்கு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

சாரல் காலத்தில் வீட்டினுள் கட்டி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சனவரி முதல் மார்ச் வரையுள்ள காலைப் பொழுதுகளில் பறக்கவிடுவது இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும். பிசான அறுவடை முடிந்த வயல்களும் அக்காலத்தில் கிடைக்கும். உரிமையாளரின் இசைவுடன், வரப்புகள் குறுக்கிடாத பெரிய வயலையோ பள்ளி விளையாட்டுத் திடலையோ தேர்ந்தெடுக்கலாம். 10 மீட்டர் கம்பிக்கு வட்டத்தின் விட்டம் கை நீளத்தையும் சேர்த்து 22 மீட்டர் ஆகும். அதற்கு வெளியே பார்வையாளர்கள் நிற்க மேலும் இடைவெளி வேண்டும்.

பறக்கவிடும் முறை

சாதாரண விமானங்கள் காற்றை எதிர்த்து மேலெழும். கட்டுப்பாட்டுக் கம்பி விமானம் இதற்கு மாறாகக் காற்று வாலின் பின்னாலிருந்து வீசும் இடத்தில் விடப்படுகிறது. மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகப் பறக்கும் விமானம் அங்கிருந்து கால் வட்டம் கடந்ததும், காற்று அதை வெளியே தள்ளும் பகுதிக்கு வந்துவிடும். வேகம் குறைவாக உள்ள முதல் நொடிகளில் கம்பி இறுக்கமாக இருக்க இது உதவுகிறது. காற்றை எதிர்த்து விட்டால், வேகம் கூடும் முன்பே விமானம் எதிர்ப்பகுதிக்குச் சென்று உள்நோக்கித் தள்ளப்படும்.

ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க, பறக்கவிடுபவர் மையத்தில் நிற்பார். கைப்பிடியின் தோல்வார் மணிக்கட்டில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். கையைப் பின்னால் சாய்த்தால் உயர்த்தி மேலே செல்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் உதவியாளர் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். கம்பிகள் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தால் விமானம் மேலேறுவதற்குப் பதிலாகத் தரையில் மோதும்.

சைகை கிடைத்ததும் உதவியாளர் விமானத்தைக் கிடையாக விடுவிப்பார், எறியக் கூடாது. விட்டதும் வட்டத்திற்கு வெளியே விலக வேண்டும். பறக்கவிடுபவர் மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து முழுக் கையையும் மெல்ல உயர்த்தித் தாழ்த்த வேண்டும். தரையிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் உயரத்தில் சமமாகப் பறக்கவிடுவதே முதல் இலக்கு. தலைச்சுற்றலைத் தவிர்க்கக் கண்களை விமானத்தின் மீதே வைத்திருக்க வேண்டும். பின்னால் நகரும் மரங்களையோ கட்டடங்களையோ நோக்கக் கூடாது.

கம்பி தளர்வதை உணர்ந்தால் உடனே பின்னோக்கி விரைந்து நடந்து இறுக்கத்தை மீட்க வேண்டும். மின்னோடி நின்றபின் விமானம் வேகமிழக்கும். அப்போதும் பின்னோக்கி அடியெடுத்து வைத்தவாறு மெல்லத் தரையிறக்க வேண்டும்.

பாதுகாப்பு

- மின்கம்பிகள்: இவ்விளையாட்டின் மிகப் பெரிய ஆபத்து மேலே செல்லும் மின்கம்பிகள் ஆகும். கட்டுப்பாட்டுக் கம்பி உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டால், சில வேளைகளில் மிக அருகே சென்றாலும், மின்சாரம் கைப்பிடி வழியாக உடலில் பாய்ந்து உயிரிழப்பை ஏற்படுத்தும். நூல் பயன்படுத்தினாலும் ஈரத்தில் அது மின்சாரத்தைக் கடத்தும். காற்றாலைகள் மிகுந்த இடங்களில் வயல்களின் குறுக்கே மின்தடங்கள் செல்வது வழக்கம். வட்டத்திற்கு வெளியே மின்கம்பி இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. கைப்பிடி நழுவினால் விமானம் கம்பிகளை இழுத்துக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியேறும். எனவே அருகில் மின்கம்பி இல்லாத திடலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்கம்பியில் சிக்கிய விமானத்தை எடுக்க முயலாமல் மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.
- இடி, மின்னல்: மேகமூட்டத்துடன் இடி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும்.
- இழுவைச் சோதனை: ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன், விமானத்தைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியிலிருந்து இழுத்துப் பார்க்க வேண்டும். 200 கிராம் விமானத்திற்கு அதன் எடையின் பத்து மடங்கான 2 கிலோ எடைக்கு நிகரான இழுப்பைக் கம்பி, முடிச்சு, திருகாணி ஆகியவை தாங்க வேண்டும்.
- சுழல்விசிறி: மின்கலம் இணைக்கப்பட்டுள்ள நேரம் முழுவதும் சுழல்விசிறியின் முன்னும் பக்கத்திலும் கை நீட்டக் கூடாது. நசுங்கிய அல்லது உப்பிய மின்கலம் தீப்பற்றக்கூடும், அதை மீண்டும் பயன்படுத்தலாகாது.
- பார்வையாளர்கள்: வட்டத்தினுள் பறக்கவிடுபவரைத் தவிர எவரும் இருக்கக் கூடாது. கால்நடைகளும் சிறுவர்களும் குறுக்கே வராதபடி ஒருவர் கவனிக்க வேண்டும்.

பொதுவான பிழைகளும் காரணங்களும்

- விமானம் அலை போல ஏறி இறங்குதல்: ஈர்ப்பு மையம் பின்னால் உள்ளது, அல்லது உயர்த்தி மிகையாக அசைகிறது.
- விமானம் உள்நோக்கி வருதல்: இறக்கை முறுக்கியுள்ளது, நுனி எடை போதவில்லை, அல்லது காற்று மிகுதி.
- கையசைவுக்குத் தாமதமாக இணங்குதல்: கீல் இறுக்கம், தள்ளுகோல் வளைவு, அல்லது நீளும் தன்மையுள்ள கம்பி.
- விட்டவுடன் செங்குத்தாக ஏறி விழுதல்: கைப்பிடி நடுநிலையில் இல்லை. முதல் விமானங்கள் பல இப்பிழையாலேயே உடைகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- வானூர்தி
- மையநோக்கு விசை
- தேசிய மாணவர் படை
- பால்சா மரம்
- குற்றாலம்